இல்லாமையா, எட்டாமையா? சாடியில் வளரும் மிளகாயும் தக்காளியும் ஏன் மஞ்சளாகின்றன

சாடியில் நட்ட மிளகாய்க் கன்று மஞ்சளடிக்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே மறுமொழிதான் வரும்: "பசளை காணாது, கொஞ்சம் யூரியா போடுங்கோ." யூரியா போட்ட பின்னும் மஞ்சள் குறையாவிட்டால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்வார்கள். அதற்கும் கேட்காவிட்டால் முட்டைக்கோது, அடுப்புச் சாம்பல், யூரியூப்பில் பார்த்த ஏதோ ஒரு கரைசல் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாடிக்குள் போகும். ஒரு மாதத்துக்குள் கன்று பட்டுவிடும்.

அப்படிப் பட்டுப்போன ஒரு கன்றுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அயல்வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டியபோது சாடியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்துப் பார்த்தோம். மேல்விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது. வேர்கள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கபில நிறமாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தன. அந்தச் சாடியில் மூன்று செடிகளுக்குப் போதுமான சத்து இருந்தது; செடி பந்தியில் இருந்தபடியே பட்டினி கிடந்து இறந்திருந்தது.

சாடிச் செடிகளில் நாம் "சத்துக் குறைபாடு" என்று அழைப்பவற்றில் பெரும்பகுதி சத்து இல்லாமையால் வருவதன்று. சத்து இருந்தும் அது செடிக்கு எட்டாமையால் வருவது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் பசளை போடுவது, தொண்டை அடைத்தவருக்குச் சோற்றுக் கவளத்தைத் திணிப்பது போன்றது. யாழ்ப்பாணத்து மண்ணும் தண்ணீரும் இந்தக் குழப்பத்தை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக்குகின்றன என்பதால், எங்கள் நிலத்தை வைத்தே இதை விளக்க முயல்கிறேன்.

செடி எதை உண்கிறது

செடி தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சும் நீரையும் சூரிய ஒளியின் துணையோடு சேர்த்து வெல்லமாக்கும் இந்த வேலையை ஒளித்தொகுப்பு என்கிறோம். அப்படியானால் பசளை எதற்கு? அடுப்பில் அரிசியும் தண்ணீரும் இருந்தாலும் பானை, அகப்பை, உப்பு இல்லாமல் சமையல் நடக்காது. அதுபோல, உணவாக்கும் தொழிலுக்கு வேண்டிய கருவிகளையும் உறுப்புகளையும் கட்டுவதற்குச் செடிக்குச் சில தனிமங்கள் தேவை. இவையே ஊட்டச்சத்துகள்.

காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடுகின்றன. மிகுதிப் பதினான்கும் வேர் வழியாகவே வரவேண்டும். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், கல்சியம், மகனீசியம், கந்தகம் என்ற ஆறும் அதிக அளவில் வேண்டியவை. இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு, போரன், மொலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகியவை மிகச் சிறிய அளவில் வேண்டியவை. இவற்றை நுண்சத்துகள் என்பார்கள். சிறிய அளவு என்பதால் முக்கியம் குறைந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஒடியற் கூழில் உப்பில்லாவிட்டால் எத்தனை நண்டு, எத்தனை மீன் கூடுதலாகப் போட்டாலும் அந்தக் குறை தீராது. ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய கருத்தும் இதுவே: மிகக் குறைவாக உள்ள சத்து எதுவோ, அதுவே செடியின் வளர்ச்சிக்கு எல்லை போடுகிறது.

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளைப் பச்சையம் என்கிறோம். அதன் நடுவில் ஒரு மகனீசிய அணுவும், அதைச் சூழ நான்கு நைதரசன் அணுக்களும் இருக்கின்றன. இரும்பு பச்சையத்துக்குள் இல்லை, ஆனால் இரும்பு இல்லாமல் பச்சையத்தை ஆக்க முடியாது. எனவே நைதரசன், மகனீசியம், இரும்பு இம்மூன்றில் எது குறைந்தாலும் இலை மஞ்சளாகும். மஞ்சள் என்ற ஒரே அடையாளத்துக்குப் பல காரணங்கள் இருப்பதால்தான், நிறத்தை மட்டும் பார்த்து, நைதரசனை மட்டும் தரும் யூரியாவுக்கு ஓடுவது பிழையாகிறது.

சாடிக்குள் என்ன வேறுபாடு

கிணற்றுக்குள் ஒரு பிடி உப்பைப் போட்டால் யாருக்கும் தெரியாது. அதே பிடியைக் குடத்துத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. தோட்டத்து மண் கிணறு, சாடி குடம். நிலத்தில் வேர் ஓரிடம் பிடிக்காவிட்டால் வேறிடம் தேடிப் போகும். அங்கே மண்ணின் பருமன் பெரிது, நுண்ணுயிர்கள் பல, மாரி மழை ஆண்டுதோறும் வந்து கழுவும். பத்து லீற்றர் மண் கொள்ளும் ஒரு சாடியில் இவை எதுவும் இல்லை. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் உள்ளதெல்லாம், செடி எடுத்துக்கொள்ளாவிட்டால், உள்ளேயே தங்கும்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கமான குறையும் உண்டு. நைதரசன் போன்று நீரோடு எளிதில் ஓடும் சத்துகள், ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் அடித்துளையால் வெளியேறிவிடும். ஆக, சாடி வேண்டாததைச் சேர்த்துவைத்து வேண்டியதை இழக்கிறது.

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது?

குறைபாட்டை அறிவதற்கு என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்க விடுவீர்கள் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: மஞ்சள் தொடங்கியது அடி இலையிலா, குருத்திலா?

இதன் காரணத்தை எங்கள் சனத்துக்கு விளக்குவது கடினமில்லை. போர்க்காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள்களில் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு போனோம். சுவரையும் கிணற்றையும் விட்டுவிட்டுத்தான் போனோம். செடிக்குள்ளும் இப்படித்தான். சில சத்துகள் ஓர் இலையில் வேலை செய்துகொண்டிருந்தாலும், தட்டுப்பாடு வரும்போது அங்கிருந்து கழற்றி எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பக்கூடியவை. இவற்றை நகரும் சத்துகள் என்போம். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், மகனீசியம் ஆகியவை இவ்வகை. இவை குறைந்தால் செடி கிழவிலையிடம் இருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடி இலை முதலில் வெளிறும், உச்சி பச்சையாக இருக்கும். கல்சியம், இரும்பு, போரன் போன்றவை சுவருக்குள் வைத்துப் பூசிய கல்லைப் போன்றவை. ஓரிடத்தில் சேர்ந்த பின் அவற்றைக் கழற்ற முடியாது. இவை நகராச் சத்துகள். இவற்றின் வரத்து நின்றால் பழைய இலைகள் செழிப்பாக இருக்க, புதிதாகப் பிறக்கும் இலைதான் வெளிறியோ உருக்குலைந்தோ வரும்.

இரண்டாவதாக, அந்த இலையை ஆய்ந்து காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பும் சேர்ந்து இலை முழுவதும் ஒரே சீராக வெளிறியிருக்கிறதா, அல்லது நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி மீன்வலை விரித்தது போல் தெரிகிறதா? அடி இலை சீராக வெளிறினால் நைதரசன். அடி இலையில் வலை தெரிந்தால் மகனீசியம். அடி இலையின் ஓரம் தீய்ந்தால் பொட்டாசியம், ஆனால் உப்புத் தாக்கமும் இதே தோற்றத்தைத் தரும் என்பதைப் பின்னர் சொல்கிறேன். குருத்திலையில் மெல்லிய பச்சை வலை தெரிந்தால் இரும்பு; முற்றிப்போனால் குருத்து ஏறத்தாழ வெள்ளையாகவே வரும். இலைகள் மிகச் சிறுத்து, கணுவுக்குக் கணு நெருக்கமாக வந்தால் நாகத்தை நினைக்கலாம். செடி குட்டையாகி, இலை கரும்பச்சையாக, அடிப்புறத்தில் ஊதா படர்ந்தால் பொசுபரசு. ஆண்டாண்டாகப் பசளையும் எருவும் கண்ட எங்கள் தோட்டத்து மண்ணை நிரப்பிய சாடிகளில் இதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆக, இடம் முதலில், நிறத்தின் அமைப்பு இரண்டாவது. இவ்விரண்டையும் பார்த்த பிறகுதான் சத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

செம்மண்ணில் இரும்புப் பசி

கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணை யாரும் மறக்கமாட்டார்கள். வெள்ளை வேட்டியில் பட்டால் போகாத அந்தச் சிவப்பு எதனால் வருகிறது? இரும்பு ஒட்சைட்டால், அதாவது துருவால். இரும்பு குறைவற நிறைந்த மண் அது. ஆனால் அந்த மண்ணை நிரப்பிய சாடியில்தான் மிளகாய்க் குருத்து இரும்பில்லாமல் வெளிறுகிறது. நான் மேலே சொன்ன எட்டாமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

வேர், நீரில் கரைந்ததை மட்டுமே எடுக்கும். இரும்பு கரைவது மண்ணின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோலுக்குப் பீ.எச். பெறுமானம் என்று பெயர். 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரென்சன் இதனை அறிமுகம் செய்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு வேறுபாடு. இரும்பின் கரைதிறனோ ஒரு படி ஏறும்போது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். சாடிச் செடிகளுக்கு 6 முதல் 6.5 வரை நல்லது. 8ஐ நெருங்கினால் இரும்பு துருவாகவே கிடக்கும், செடிக்குக் கிடையாது.

பீ.எச். ஏன் ஏறுகிறது? விடை உங்கள் குசினியில் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கல்லைச் சுரண்டி எடுத்து, ஒரு பீங்கானில் வைத்து, அதன்மேல் சிறிது வினாகிரியை விடுங்கள். சீறிக்கொண்டு நுரைக்கும். அது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கரைந்த நிலையில் அதில் கல்சியமும் இருகாபனேற்று என்ற பொருளும் இருக்கின்றன. இருகாபனேற்று அமிலத்தை விழுங்கும் இயல்புடையது. வயிற்றுப் புளிப்புக்கு அப்பச்சோடா குடிப்பது எதற்கு உதவுகிறதோ, அதே வேலையைத்தான் அது மண்ணிலும் செய்கிறது.

உண்மையான பொறிமுறை இங்கேதான் இருக்கிறது. மிளகாய், தக்காளி, கத்தரி போன்ற செடிகள் இரும்புப் பசி வந்தவுடன் சும்மா இருப்பதில்லை. வேர்நுனியில் இருந்து அமிலத்தைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள துருவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்து எடுக்க முயல்கின்றன. நாம் காலையும் மாலையும் ஊற்றும் கிணற்றுத் தண்ணீர், சுரந்த அந்த அமிலத்தை உடனுக்குடன் அணைத்துவிடுகிறது. செடி மறுபடி சுரக்கும், நாம் மறுபடி ஊற்றுவோம். மண் எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருந்தால் வேர் விடும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி மண்ணிலேயே இருகாபனேற்றாகச் சேரும். அதனால்தான் "வாடுது, மஞ்சளாகுது" என்று கூடுதலாகத் தண்ணீர் விட விட வெளிறல் கூடுகிறது.

முட்டைக்கோதும் சாம்பலும் இந்த நிலையில் என்ன செய்யும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். இரண்டும் பீ.எச்.ஐ ஏற்றுபவை. மண் அமிலமாக இருக்கும் ஊர்களில் அவை நல்ல மருந்து, அந்த ஊரவர்கள் காணொளியில் சொல்வது அவர்களுக்குச் சரி. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீருக்கு அவை வேண்டாம். சாடிக் கலவைக்குக் கடற்கரை மணல் சேர்ப்பவர்களும் முதலில் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அதில் சிப்பித்துகள் இருக்கிறது என்று அறிந்து தவிர்த்துவிடலாம்.

சரி, இரும்பைக் கொடுப்பது எப்படி? பெரசுச் சல்பேற்று என்ற இளம்பச்சைப் பளிங்கை வாங்கி மண்ணில் போட்டால், சுண்ணாம்பு மண்ணில் அதுவும் சில நாள்களில் துருவாகிவிடும். எனவே இலைக்குத்தான் தெளிக்க வேண்டும். ஆனால் தெளிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள், அதை நான் எல்லோருக்கும் வற்புறுத்துகிறேன். ஒரு லீற்றர் மழைத்தண்ணீரில் 3 கிராம் பெரசுச் சல்பேற்றைக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்த்து, பஞ்சால் தொட்டு ஒரு வெளிறிய இலையின் நடுநரம்புக்கு இடப்பக்கம் மட்டும் மாலையில் பூசுங்கள். வலப்பக்கத்தைத் தொட வேண்டாம். ஒரு கிழமைக்குள் பூசிய பக்கம் பச்சை பிடித்து, பூசாத பக்கம் மஞ்சளாகவே இருந்தால், குறைபாடு இரும்புதான். எந்த ஆய்வுகூடத்துக்கும் போகாமல் செடியே எழுதித் தரும் சான்று அது. முதன்முதலில் ஓர் இலை பாதி பச்சையாகவும் பாதி மஞ்சளாகவும் நின்றதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் மறக்கவில்லை. பெரசுச் சல்பேற்று கபில நிறமாகிவிட்டிருந்தால் அது பழுதானது, பயன் தராது.

நீடித்த தீர்வுக்குக் கொடுக்கிணைத்த இரும்பு என்ற ஒன்று விற்கிறார்கள். நண்டு தன் கொடுக்கால் ஒன்றைப் பிடித்துவைத்திருப்பது போல, ஒரு சேதன மூலக்கூறு இரும்பைப் பிடித்துவைத்துத் துருவாகாமல் காத்து வேர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தத் துறைச்சொல்லே கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் பிறந்தது. வாங்கும்போது பொட்டலத்தைப் படிக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. வகை பீ.எச். 6.5க்கு மேல் தளர்ந்துவிடும். எங்கள் தண்ணீரிலுள்ள கல்சியம் இரும்பைத் தள்ளிவிட்டுத் தான் அந்தக் கொடுக்கில் அமர்ந்துகொள்ளும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை கார மண்ணிலும் பிடியை விடாது. விலை கூடியது, ஆனால் எங்கள் ஊருக்கு அதுவே பொருந்தும்.

சுருக்கமாக: குருத்தில் பச்சை வலை தெரிந்தால் இரும்பை மண் வைத்திருக்கிறது, தண்ணீர் தடுக்கிறது. யூரியா இதைத் தீர்க்காது.

கல்சியத் தண்ணீரில் கல்சியக் குறை

சாடித் தக்காளியில் காய் திரளும் நேரத்தில் அதன் அடிப்புறம் நீர் கோத்ததுபோல் தொடங்கி, பின் கறுத்துத் தோல்போல் தட்டையாகிவிடும். பலர் இதை நோயென்று எண்ணி மருந்தடிக்கிறார்கள். இது காயின் நுனியில் ஏற்படும் கல்சியக் குறைபாடு. கேத்திலில் கல்லாகப் படியும் அளவுக்குக் கல்சியம் உள்ள தண்ணீரைத் தினமும் குடிக்கும் செடியில் இது எப்படி வரும்?

கல்சியம் செடிக்குள் தானாக நடந்து போவதில்லை. நீரோட்டத்தில் ஏறிப் போகிறது. நீரோட்டத்தை மேலே இழுப்பது இலைகளில் இருந்து ஆவியாகும் நீர். இலை நிறைய ஆவியாக்கும், வழுவழுப்பான தோலுள்ள காயோ மிகக் குறைவாகவே ஆவியாக்கும். எனவே நீரும் கல்சியமும் இலைகளுக்கே போகின்றன. சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் இது இன்னும் மோசமாகும். சாடி நண்பகலில் காய்ந்து, மாலையில் நிரம்பி, மறுநாள் மீண்டும் காய்ந்தால், காய் திரளும் அந்தச் சில நாள்களில் அதன் நுனிக்கு வரத்து அறுந்துபோகும். கல்சியம் நகராச் சத்து என்பதால் இலையில் குவிந்திருப்பதைக் காய்க்கு மாற்றவும் முடியாது.

மருந்து, தண்ணீரை ஒழுங்காக விடுவதே. ஒரே வாளியை ஒரே நேரத்தில் ஊற்றாமல் காலையும் மாலையும் பிரித்து விடுங்கள். மண்ணின் மேல் வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்புங்கள். தக்காளிக்குச் சிறிய சாடி வைக்காதீர்கள். கறுத்த காயைப் பிடுங்கிவிடலாம், அது திருந்தாது. அடுத்த குலையைப் பாருங்கள்.

உண்மையாகவே இல்லாமல் போவது

எல்லாமே எட்டாமை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நைதரசன் சாடியில் உண்மையாகவே தீர்ந்துபோகும். தண்ணீரோடு ஓடிவிடுவது ஒரு காரணம். அரைகுறையாக உக்கிய கூட்டெருவும் குழையும் மற்றொரு காரணம்: அவற்றை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனைச் செடிக்கு முந்தி எடுத்துவிடும். நிலத்தில் பூவரசங்குழை தாழ்த்திவிட்டுப் பொறுத்திருந்து நட்ட எங்கள் கமக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். சாடிக்கும் அதே பொறுமை வேண்டும்.

அடி இலைகள் சீராக வெளிறி, வளர்ச்சியும் நின்றிருந்தால் யூரியா சரியான மருந்துதான், ஆனால் அளவோடு. ஒரு லீற்றர் தண்ணீரில் 2 கிராம், ஈரமான மண்ணுக்கு, பத்து நாளைக்கு ஒருமுறை. உக்கிய ஆட்டெரு இருந்தால் அது இன்னும் நல்லது. பச்சை ஆட்டெரு வேரைச் சுடும்.

அளவை நான் அழுத்திச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமன்று, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தைக் கண்ட நமக்குப் பசளையின் அருமை தெரியும். சாடியின் அடியால் நைதரசன் நீரில் கரைந்து ஓடும் வடிவமான நைத்திரேற்று, வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல் வழியாக நாம் குடிக்கும் கிணற்றுக்கே போகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது; தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. முற்றத்துப் பத்துச் சாடிகளால் கிணறு கெட்டுவிடாதுதான், ஆனால் தேவையில்லாத ஒரு கரண்டியைக்கூடப் போடாமல் விடுவதற்கு இது போதிய காரணம்.

மகனீசியக் குறை இல்லாமையாலும் வரும், எட்டாமையாலும் வரும். வேரின் வாசல்களைச் சில சத்துகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நல்லூர்த் தேரன்று வாசலில் நெருங்குபவர்களில் கூட்டமாக வருபவர்களே முதலில் உள்ளே போவது போல, தண்ணீரின் கல்சியமும் சாம்பலின் பொட்டாசியமும் திரண்டு நிற்கும்போது மகனீசியம் வெளியே நிற்கும். மகனீசியம் அடங்கிய எப்சம் உப்பு லீற்றருக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, மாலையில் இலைக்குத் தெளித்தால் இரண்டொரு கிழமையில் வித்தியாசம் தெரியும். சாம்பல் போடுவதை நிறுத்துவதும் அதே அளவுக்கு முக்கியம்.

குறைபாடு போலத் தோன்றுபவை

அக்காவின் சாடியில் கண்ட வெள்ளைப் பொருக்கு உப்பு. கருவாட்டுக்கு மீனை உப்பில் போட்டால் உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது. மண்நீரில் உப்புக் கூடும்போதும் வேர் நீரை உறிஞ்சச் சிரமப்படும். மண் ஈரமாக இருக்கச் செடி வாடும், இலை நுனியும் ஓரமும் தீயும். இதைப் பொட்டாசியக் குறை என்று எண்ணிப் பசளை போட்டால் உப்பு மேலும் ஏறும். கரையோரக் கிணற்று உவர்நீர், மிகைப் பசளை, கழுவாத தும்புத்தூள் ஆகியவை இதற்குக் காரணங்கள். தும்புத்தூளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பொருக்குப் படிந்த சாடிக்கு, மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி நீக்கிவிட்டு, சாடியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி வடியவிடுங்கள்.

இலை சுருளுவதும் சத்துக் குறைபாடன்று, பெரும்பாலும் பூச்சி. மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி என்று பொதுவாகக் கொள்ளலாம். இலையைத் திருப்பிக் கைவில்லையால் பார்க்க வேண்டும். காய்க்கும் பருவத்தில் மிக அடியிலுள்ள ஓரிரு இலைகள் மஞ்சளாகி உதிர்வது முதுமை. அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

திருத்தும் ஒழுங்கு

செடி மஞ்சளானால் நான் பசளைப் பையைத் தொடுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுகிறேன். சொதசொதப்பாக இருந்தால் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். செம்மண்ணைத் தனியாக நிரப்பிய சாடிகளில் மண் இறுகி இப்படி நேர்வது வழக்கம், அரைப் பங்குக்காவது கூட்டெருவும் கழுவிய தும்புத்தூளும் கலந்திருக்க வேண்டும். பிறகு பொருக்கு, பிறகு இலையின் அடிப்புறம், அதன் பின்னரே மஞ்சளின் இடமும் அமைப்பும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் சத்து.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாகப் போட்டுச் செடி திருந்தினால் எது திருத்தியது என்று தெரியாது, திருந்தாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது. நான்கு சாடி இருந்தால் ஒன்றுக்கு எதுவும் செய்யாமல் விட்டு ஒப்பிடுங்கள். முற்றாக மஞ்சளான பழைய இலை மீண்டும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின் பிறக்கும் இலை எந்த நிறத்தில் வருகிறது என்பதே விடை. அதற்கு ஏழு முதல் பத்து நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகும் விளங்காவிட்டால் ஓர் இலையையும் ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

தண்ணீரைத் திருத்தினால்

ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கியதும் சாடிச் செடிகள் எல்லாம் பச்சை பிடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மழைநீரில் இருகாபனேற்று இல்லை, அது சற்று அமிலமானதும்கூட. சேர்ந்த உப்பையும் சுண்ணாம்பையும் அது கழுவிக்கொண்டு போகிறது. கோடையில் கிணற்றுத் தண்ணீருக்கு ஐந்து லீற்றருக்கு ஒரு தேசிக்காய் என்ற அளவில் புளி பிழிந்து பீ.எச். தாளால் பார்த்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் அந்தப் புளியை மண்ணின் நுண்ணுயிர்கள் சில நாள்களில் தின்றுவிடும், எனவே அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பீலியின் கீழே ஒரு பீப்பாவை வைப்பதுதான் நான் கண்ட மலிவான மருந்து. பத்துச் சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 200 லீற்றர் வரும், ஒரு பீப்பா நிறையும். பத்துச் சாடிக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் என்றால் இருபது நாள். கிணற்றுத் தண்ணீரோடு பாதிப் பாதியாகக் கலந்தால் நாற்பது நாள். முதல் மழையின் தூசித் தண்ணீரை ஓடவிட்டு, இரண்டாம் மழையில் இருந்து பிடியுங்கள், நுளம்பு முட்டையிடாதபடி வாயை வலையால் கட்டிவிடுங்கள்.